கதவைத் திறக்காத ஞாயிறு

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் என்றால் "நலம்" என்றுதான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் உயிரோடு இருக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். நீ எப்படி இருக்கிறாய்? தங்கச்சிப் பொடிசுக்குத் தோள் எலும்பு கூடிவிட்டதா? உடைந்த பல்லை என்ன செய்தார்கள்?

இங்கே வந்த முதல் வாரம் நரகம். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிந்து, சுவரைக் குத்திக் குத்தி விரல் முட்டிகளைப் பெயர்த்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் பையன் பிடிக்க வந்தான். கழுத்து நீளம், அதனால் பெயர் ஒட்டகம். அவன் தோளில் சதை வரக் கடித்துவிட்டேன். தையல் போட்டார்கள். இப்போது அவன்தான் எனக்குக் கூட்டாளி. "கடிச்சதுதான் கடிச்ச, கொஞ்சம் உப்பு வச்சுக் கடிச்சிருக்கலாம்ல" என்கிறான்.

இந்தக் குடி மறுவாழ்வு மையத்தில் எல்லோரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. போன் கிடையாது, கடிதம்தான். சனிக்கிழமைதோறும் குடும்பம் வந்து பையனோடு வட்டமாக உட்கார வேண்டும். ஆலோசகர் மேடம் நேராகவே சொல்லிவிட்டார்: "குடிச்சது நீ. ஆனா வீட்டுல எல்லாரும் அந்த பாட்டிலைச் சுத்தித்தான் நடந்திருக்கீங்க. உன்னை மட்டும் கழுவித் துடைச்சு அனுப்பினா, போன வேகத்துல திரும்பி வருவ." மூன்று மாதம் வரைதான் வைத்திருப்பார்களாம். அதன் பிறகு வீட்டுக்குத்தான். அதற்குள் நீங்கள் வர வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது, அப்பா பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு குளியலறைக் கதவை உடைக்கப் பார்த்தார். நீயும் பொடிசும் உள்ளே. நான் அவரை இழுத்துத் தள்ளினேன், மேசை விளிம்பில் தலை பட்டு விழுந்தார். அதற்குப் பிறகு, "நான்தாம்மா, திற" என்று எத்தனை முறை கத்தினேன்? நீ திறக்கவில்லை. எனக்கு வெறி வந்து உதைத்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு உள்ளே போனது. பொடிசு அதற்கு முட்டுக் கொடுத்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது. குடித்திருந்தேன், மறுக்கவில்லை. ஆனாலும் ஏன் திறக்கவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்


மார்ச் 11

டேய்,

உன் கடிதத்தைப் பிரித்தது நான். என் வீட்டு முகவரிக்கு வருகிற எதையும் நான்தான் பிரிப்பேன். பெல்ட் கதையெல்லாம் ஊரான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாயா? பெற்றவனைத் தள்ளி மண்டையை உடைத்தவன் நீ. தங்கச்சி பல்லை உடைத்தவன் நீ. குடித்தவன் நீ. நான் எதற்கு அங்கே வந்து வட்டமாக உட்கார வேண்டும்? பத்து மாடி உயரத்தில் கிரேனில் உட்கார்ந்து கண்டெய்னரை இறக்குகிறவன் நான். ஒரு நாள் கை நடுங்கியிருந்தால் கீழே பத்துப் பேர் நசுங்கியிருப்பார்கள். எனக்கு வியாதி கிடையாது.

ஒழுங்காகத் திருந்தி வா. இல்லையென்றால் வராதே.

அப்பா


மார்ச் 20

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா? எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன். லாண்டரியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போது ஸ்டீம் பிரஸ்ஸில் வலது கை மாட்டிக்கொண்டது. சின்னச் சூடுதான். மருந்து போட்டாயிற்று, கட்டு போட்டாயிற்று. சூப்பர்வைசர் துண்டு மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். ஒரு விதத்தில் யோகம்தான், உட்கார்ந்து செய்கிற வேலை.

இனிமேல் கடிதத்தை லாண்டரி முகவரிக்கே போடு, உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுத் தபால் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை.

பொடிசு நன்றாக இருக்கிறாள். தோள் கட்டு பிரித்தாயிற்று. முன்பல் இரண்டும் புதிதாக வைக்க இன்னும் வயது வரவில்லையாம். "ச" வருகிற இடத்திலெல்லாம் காற்றுதான் வருகிறது, பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்கிறார்கள். அவளும் விடுகிறவளா, ஒருத்தியைக் கிள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

உன் அப்பாவுக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட். நான் தனியாக வர அவர் சம்மதிக்கவில்லை. பார்ப்போம்.

ஒட்டகத்தோடு சண்டை போடாதே. பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

அம்மா


மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? ஸ்டீம் பிரஸ் என்று எழுதியிருந்தாய். லீவு நாளில் என்னை உன்னோடு அழைத்துப் போவாயே, நினைவிருக்கிறதா? அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மேல்தட்டு இறங்கும். ஒரு கையை எடுத்தால் தானாக மேலே போய்விடும். "இதுல யாருக்கும் கை போகாதுடா, அவ்வளவு புத்திசாலி மெஷின்" என்று நீதான் பெருமை பேசினாய். அப்புறம் எப்படி உன் கை போனது?

அவர் என் கடிதத்தைப் பிரித்த அன்றைக்குத்தானே? அடுப்பா, இஸ்திரிப் பெட்டியா? என்னிடம் பொய் சொல்வதென்றால் எனக்குத் தெரியாத மெஷினாகப் பார்த்துச் சொல்.

சனிக்கிழமை வட்டத்தில் உட்கார்ந்தேன். வராதவர்களுக்கும் நாற்காலி போடுகிறார்கள். மடக்குகிற இரும்பு நாற்காலி. என் எதிரே மூன்று காலி. ஒட்டகத்தின் அப்பா, அம்மா, மாமா எல்லோரும் வந்திருந்தார்கள். வட்டத்தில் ஒரே விதி: கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஒருவர் முடிக்கிற வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒட்டகத்தின் அம்மா, "நீ என் கழுத்துல கத்தியை வச்ச அன்னைக்கு நான் பயப்படலை, அந்தக் கத்தி மொக்கைன்னு எனக்குத் தெரியும்" என்றார். ஒட்டகம் சிரித்தான், பிறகு தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது. அன்று மாலை ஒரு காரணமும் இல்லாமல் அவனை அடித்தேன். அவனும் அடித்தான், உதடு கிழிந்தது.

மேடம் கேட்கிறார்: "முதல் முதல்ல எப்போ குடிச்ச?" கூட்டாளி வாங்கித் தந்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் இருவருக்கும் தெரியும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா குளிக்கப் போனதும் பாட்டிலில் பாதியை எடுத்துவிட்டு டீத்தண்ணீர் கலந்து வைக்கச் சொன்னாய். நிறம் பிசகாமல் கலக்க எனக்குத்தான் கை வந்தது. போதை பாதியானால் அடியும் பாதியாகும் என்பது உன் கணக்கு. கணக்கு சரிதான், அடி கொஞ்சம் குறைந்தது. ஆனால் எடுத்ததைத் தொட்டியில் ஊற்றினால் வாடை அடிக்கும். ஒரு நாள் அவர் சீக்கிரம் குளித்துவிட்டு வந்துவிட்டார். டம்ளர் என் கையில். குடித்துவிட்டேன். அடுத்த நாளும் குடித்தேன். நீ பார்த்தாய். மறுநாள் வாய் வாடைக்கு எனக்குப் புதினா மிட்டாய் வாங்கித் தந்தாய். அதற்குப் பிறகு வாராவாரம் வாங்கித் தந்தாய்.

பயப்படாதே, சொல்ல மாட்டேன். இது அவர் காதுக்குப் போனால் உன் கையோடு நிற்க மாட்டார்.

அந்த ஞாயிறு பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன் மகன்


ஏப்ரல் 16

அன்பு மகனுக்கு,

சுகமா? உதட்டுக் காயம் ஆறியதா? இங்கே வெயில் கொளுத்துகிறது. லாண்டரிக்குள் நின்றால் நானே வெந்து வெளியே வருகிறேன்.

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை. இடது கண் வீங்கிவிட்டது. எந்த மெஷின் என்று நான் எழுதப் போவதில்லை, நீதான் எல்லா மெஷினையும் கரைத்துக் குடித்தவனாயிற்றே.

சனிக்கிழமை உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதுதான் விஷயம். வேறொன்றும் இல்லை.

பொடிசிடம், "அண்ணனுக்கு ஏதாவது எழுதுடி" என்றேன். எழுத மாட்டேன் என்றாள். சொல்லவாவது செய் என்றேன். "அவன் வந்தா நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கறேன்னு எழுதிக்கோ" என்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். மனசு கஷ்டப்படாதே, சின்னப் பிள்ளை.

மிட்டாய் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா


ஏப்ரல் 22

அம்மா,

உன் கண் சரியாகிவிட்டதா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, எடை கூடியிருக்கிறது. உடம்பு மட்டும் நன்றாக இருந்து என்ன செய்ய?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசையைக் கவிழ்த்தேன். கொதிக்கிற சூப் பாத்திரம் சமையல்காரர் காலில் விழுந்தது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தினம் எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைப்பவர். மேடம் கேட்டார்: "உன் அப்பாவை அடிக்கணும்னு நினைச்சா ஏன் எப்பவும் வேற யார் மேலயோ போய் விழுது?"

ஜூன் தொடக்கத்தில் என்னை அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவர் உன் மேல் கை வைப்பதை ஒரு நாள் பார்ப்பேன். அன்றைக்கு ஒன்று அவரைக் கொல்வேன், இல்லை, திரும்பக் குடிப்பேன். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. மேடத்துக்குத் தெரியும் என்கிறார், ஆனால் அது குடும்பம் வந்தால்தான் வேலை செய்யுமாம்.

வா. முடிந்தால் வா. ஏன் திறக்கவில்லை என்பதையாவது நேரில் சொல்.

உன் மகன்


மே 9

அன்பு மகனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேள்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். அவரும் வருகிறார். பெற்றவன் கையெழுத்துப் போடாவிட்டால் பையனை வெளியே விட மாட்டார்களாம் என்று சொன்னேன். உன் மேடத்தை லாண்டரி போனில் கூப்பிட்டுப் பேசினேன். அப்படி ஒரு விதி உண்டாம், நான் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பொடிசை சூப்பர்வைசர் வீட்டில் விட்டுவிட்டு வருவேன்.

வட்டத்தில் என்ன நடந்தாலும் நீ வாயைத் திறக்காதே. கூட்டாளி வாங்கித் தந்தான் என்ற கதையை மட்டும் இன்னொரு முறை சொல்லாதே. அந்தக் கூட்டாளி நான்தான்.

அம்மா


மே 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்? உயிருக்கு ஆபத்தில்லை என்று மேடம் சொன்னார். அதற்கு மேல் அம்மாவே எழுதுவார் என்று சொல்லிவிட்டார். என் தாடை வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நீ மடியில் கையை வைத்துக்கொண்டு, லாண்டரிக் கணக்கை ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். பாட்டில், டீத்தண்ணீர், டம்ளர், மிட்டாய். அவர் முதலில் சிரித்தார். "அப்ப நாலு வருஷமா நான் டீத்தண்ணியையா குடிச்சிட்டு இருந்தேன்?" என்று சுற்றிப் பார்த்தார். ஒட்டகத்தின் மாமா களுக்கென்று சிரித்துவிட்டார். பாவம், அவர் அடக்கத்தான் பார்த்தார். அந்தச் சிரிப்புதான் அப்பாவைக் கிளப்பியது. மகன் குடித்தது அவருக்கு உறைக்கவில்லை, தன்னை ஏமாற்றியதுதான் உறைத்தது.

முஷ்டியால் உன் வாயில் குத்தினார். நீ நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாய். நான் பாய்ந்தேன். அவர் கழுத்து என் கைக்குள் வந்த நேரத்தில் மையத்துக் காவலாளிகள் இரண்டு பேரும் என் மேல் விழுந்தார்கள். தரையோடு தரையாக அழுத்தினார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, இங்கே எப்போதும் பாய்கிறவன் நான்தான். அதற்குப் பிறகு எனக்குத் தரையும் யாரோ ஒருவரின் ஷூவும்தான் தெரிந்தன. சத்தம் மட்டும் கேட்டது. உதைக்கிற சத்தம். பிறகு இரும்பு சத்தம், மூன்று முறை. பிறகு அவர் அலறினார். அவர் அலறி நான் கேட்டதே இல்லை.

என்ன நடந்தது என்று எழுது.

உன் மகன்


ஜூன் 2

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் தேறிவிட்டேன். கீழ்த்தாடையில் தையல், விலா எலும்பில் விரிசல். சிரித்தால் வலிக்கிறது, ஆனால் சிரிக்க ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. உன் தாடை எப்படி இருக்கிறது?

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நான் கீழே கிடந்தேன், உன் அப்பா என் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கத்தினார்கள், யாருக்கும் கால் நகரவில்லை. மேடம் மட்டும் நடுவில் வந்தார், உன் அப்பா அவரையும் தள்ளிவிட்டார். பொடிசுக்காகப் போட்டிருந்த காலி நாற்காலி என் தலைமாட்டில் இருந்தது. அதை மடக்கி எடுத்து உன் அப்பாவின் முழங்காலில் அடித்தேன். விழவில்லை. இன்னொரு முறை அடித்தேன், விழுந்தார். மூன்றாவது அடி தேவையில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அவரால் எழுந்திருக்கவே முடியாது. இருந்தாலும் அடித்தேன். அது எனக்கு நன்றாக இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. அதை நினைத்தால் உதைபட்டதை விட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

மேடம் என் கையிலிருந்து நாற்காலியை வாங்கினார். திட்டவில்லை. "அடுத்த சனிக்கிழமையும் வாங்க, இனிமே உங்களுக்கும் வேலை இருக்கு" என்றார். போலீஸ் வந்தது. அவருக்கு முழங்கால் சில்லு உடைந்துவிட்டது, இனிக் கிரேன் ஏற முடியுமா தெரியவில்லை. அவர் மேல் நான் கொடுத்த புகார் இருக்கிறது, என் மேல் அவர் கொடுத்ததும் இருக்கிறது. மேடமும் வட்டத்தில் இருந்தவர்களும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவது வரட்டும்.

அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை. டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். நாள் முழுக்க ரப்பர் வாடை. ஒரு அறை, ஒரு மறைப்பு, பொடிசுக்கென்று பாதி. நீ வர வேண்டியது இங்கேதான். மேடம், "முதல்ல ஞாயிறு ஒரு நாள் வரட்டும், சாயங்காலம் திரும்பட்டும், அப்புறம் கூட்டுவோம்" என்கிறார், அதற்காக மூன்று மாதக் கணக்கைக் கொஞ்சம் நீட்டித் தருகிறாராம். அதுதான் சரி.

நீ மூன்று முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் குரல் என்று நினைத்துத் திறக்கவில்லை என்று எழுதலாம் என்று இருந்தேன். நீயும் நம்பியிருப்பாய். உன் குரலும் அவர் குரலும் போதையில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பொய். நீ "நான்தாம்மா" என்று சொன்ன முதல் தடவையே எனக்கு நீதான் என்று தெரியும். பொடிசு கேட்டாள், "அப்பாவா, அண்ணனா?" நான் சொன்னேன், "ரெண்டும் ஒண்ணுதான், கதவைப் பிடி." நான் சொல்லித்தான் அவள் முட்டுக் கொடுத்தாள்.

இதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று பொடிசிடம் கேட்டேன். வரட்டும் என்றாள். ஆனால் கதவுக்கு உள்பக்கம் தனக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டுமாம். நீ தட்ட வேண்டுமாம், அவள்தான் திறக்க வேண்டுமாம். தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். நீ வந்ததும் முதலில் உன் கண்ணில் படப்போவது அதுதான். உனக்கு வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அம்மா


ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

விலா எலும்புக்கு இறுக்கிக் கட்டுப் போடாதே, மூச்சை ஆழமாக இழுத்து விடு என்று இங்கே நர்ஸ் சொல்கிறார். பொடிசை நான் கேட்டதாகச் சொல். நான் நலம். இந்த முறை எழுதலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எதையும் கவிழ்க்கவில்லை. தோட்டத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். ஒட்டகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சமையல்காரர் நொண்டிக்கொண்டே வந்து ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போனார்.

நீ திறக்காதது சரி. நான் உள்ளே இருந்திருந்தாலும் எனக்குத் திறந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். தட்டுவேன். அவள் திறக்கிற வரை டயர் கடை ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும். திறக்க மனசு வரவில்லை என்றால் ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல், திரும்பிப் போய் அடுத்த ஞாயிறு வருகிறேன்.

தச்சரிடம் ஒன்று சொல்லிவிடு. அந்த வீட்டுத் தாழ்ப்பாளில் இரண்டே இரண்டு ஸ்க்ரூதான் இருந்தது, அதுவும் குட்டையானது. அதனால்தான் ஒரே உதையில் பெயர்ந்தது. இதற்கு நாலு போடச் சொல், நீளமான ஸ்க்ரூவாக, மரத்துக்குள் நன்றாக இறங்க வேண்டும். நான் உதைத்தாலும் தாங்க வேண்டும்.

உன் மகன்